மலைநாட்டு மோட்டார் வண்டியில் வானொலி இரைச்சல்

மின்பொறியினின்று வானொலி அலைகள் பிறக்கும் என்பதை 1888ஆம் ஆண்டளவில் ஹேர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் மெய்ப்பித்தார். மோட்டார் வண்டியின் பிளக்கில் எழும் பொறியும் அத்தகையதே.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வண்டியில் வானொலி இரையுமாயின், முதலில் இயந்திரத்தை நிறுத்திக் கேட்டல் வேண்டும். இரைச்சல் அடங்கின் குற்றம் வண்டியினதே. வேகத்தோடு மிகும் படபடப்பு பிளக்கினாலும், சீழ்க்கையொலி டைனமோவினாலும் தளர்ந்த எர்த் கம்பியினாலும் வருவன. மின்தடை பொருந்திய பிளக்கும் இறுக்கிய கம்பியும் அவற்றைத் தணிக்கும். அடங்காதாயின் ஏரியலின் அடியிலுள்ள துருவை நோக்குக. மேட்டுநிலத்தில் மட்டும் ஒலி தெளியுமாயின், நமுனுகுல போன்ற மலைகளே எப்.எம். அலைகளை மறைக்கின்றன, அதற்குப் பழுதுபார்ப்பு வேண்டா.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடிற்று. மாரியில் மலைப்பாதை செல்வோர் வானொலியின் எச்சரிக்கையைத் தெளிவாகக் கேட்டல் பொழுதுபோக்கன்று, உயிர்க்காவலாம்.