பெற்றோருக்குத் தைத்த கடித ஏடு

திருமணமாகி ஐம்பது ஆண்டுகள் நிறைவுற்ற தம்பதியருக்கு என்ன பரிசு அளிப்பது? வெள்ளி விளக்கும் பட்டாடையும் அளிப்போரை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் 2019ஆம் ஆண்டில் என் பெற்றோரின் பொன்விழா வந்தபோது, அவர்களிடமே கிடந்த ஒரு செல்வத்தைக் காத்துத் தருவதுதான் தக்கதென்று எனக்குத் தோன்றிற்று. மணமான புதிதில் தந்தையார் வெளியூரில் உத்தியோகம் பார்த்தார். தாயார் மாமியார் வீட்டில் இருந்தார். அந்நாளில் இருவரும் எழுதிக்கொண்ட அஞ்சலட்டைகளும் இன்லண்டுக் கடிதங்களும் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. அவற்றுக்கு ஓர் ஏடு தைக்க முற்பட்டேன்.

இதில் என் பழைய குற்றம் ஒன்றும் கலந்திருக்கிறது. கல்லூரியிற் பயின்ற காலத்தில், மடிப்பில் கிழிந்திருந்த கடிதம் ஒன்றைப் பிளாஸ்டிக் ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டுப் பெருமைப்பட்டேன். ஆண்டுகள் கழிந்தன. நாடாவின் பசை காற்றுப் பட்டு மஞ்சளாகி, தாளுக்குள் ஊறி, தாயார் எழுதிய இரண்டு வரிகளைக் கறையாக்கிவிட்டது. நாடா தானே உதிர்ந்தது, கறை உதிரவில்லை. அன்று கற்றது இதுதான்: பழந்தாளுக்கு நாம் செய்வது எதுவாயினும், பின்னால் வருவோர் அதனைத் தீங்கின்றி நீக்க இயலவேண்டும்.

ஆகவே கடிதங்களை ஏட்டில் ஒட்டவே கூடாது. இருபுறமும் எழுதிய கடிதத்தை ஒட்டினால் ஒருபுறம் மறைந்தும் போகும். தாள் துண்டுகளை முக்கோணமாக மடித்துச் சிறு பைகள்போல் மூலைகள் செய்துகொள்ளுங்கள். பசை அந்த மூலைகளுக்கும் ஏட்டுப் பக்கத்துக்கும் இடையில்மட்டும் இருக்கட்டும். கடிதத்தின் நான்கு மூலைகளை அவற்றுள் செருகினால் போதும்; வேண்டும்போது எடுக்கலாம், வைக்கலாம்.

ஏட்டுக்கு எந்தத் தாள்? செய்தித்தாள் விரைவில் மஞ்சளாவதைக் கண்டிருப்பீர்கள். மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சத்தாலும் காற்றாலும் மாறுவதே அதற்குக் காரணம். பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யும் கைக்காகிதத்தில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தார் 1959 முதல் அத்தகைய காகிதம் செய்து வருகின்றனர். நான் அதையே வாங்கினேன்.

பசைக்கு மைதா மாவே போதும். இரண்டு கரண்டி மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, இளஞ்சூட்டில் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறவேண்டும். பூச்சி வராதிருக்க மயில்துத்தம் சேர்ப்பது பைண்டு செய்வோரிடம் உள்ள பழக்கம். ஆனால் செம்பின் உப்பு நாளடைவில் தாளையே நொய்யச் செய்யும். ஆதலின் அதனை விலக்கி, அன்றன்றைக்கு வேண்டிய பசையை அன்றன்றே காய்ச்சினேன். மைதாப் பசை ஈரம் பட்டால் இளகும். நமக்கு அது குறையன்று, நிறையே.

தையல் எளிது. எட்டுத் தாள்களை ஒன்றாக மடித்து, மடிப்பில் மூன்று துளைகள் இடுங்கள். நடுத்துளையின் உட்புறமிருந்து ஊசியை வெளியே விட்டு, மேல்துளை வழியே உள்ளே வாங்கி, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியேற்றி, மீண்டும் நடுத்துளையில் உள்ளே கொணர்ந்து முடிச்சிடவேண்டும். ஒன்றை மறவாதீர்கள். கடிதங்கள் சேரச் சேர ஏடு வாய்பிளந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு தாளோடும் ஒரு விரல் அகலத் துண்டையும் மடித்துத் தைத்துவிட்டால் முதுகுப் புறமும் பருத்து, ஏடு சமமாக மூடும். நான் முதலில் தைத்ததில் இதனை மறந்தேன். முழுவதையும் பிரிக்க நேர்ந்தது.

கடினமான வேலை ஊசியிலும் பசையிலும் இல்லை. அவை கணவன் மனைவிக்கு எழுதியவை, மனைவி கணவனுக்கு எழுதியவை. மகனாயினும் நான் அயலான். வியப்பூட்டுவதற்காக அவர்கள் அறியாமல் செய்துவிடலாம் என்று முதலில் எண்ணியிருந்தேன். மனம் ஒப்பவில்லை. பெட்டியைத் திறவாமலே தாயாரிடம் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு பிற்பகல் முழுவதும் தந்தையாரோடு அமர்ந்து பார்த்து, பதினான்கைமட்டும் எடுத்துத் தந்தார். “மற்றது எங்களோட இருக்கட்டும்பா” என்றார். நான் கறைப்படுத்திய கடிதமும் அந்தப் பதினான்கில் இருந்தது.

விழா முடிந்த மறுநாள் ஏட்டைப் புரட்டியபோது ஒன்பதாம் பக்கம் வெறுமையாக இருந்தது. தந்தையார் அந்தக் கடிதத்தை மூலைகளிலிருந்து நோகாமல் உருவித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.