முன்பணம் கட்டுவதற்கு முன்...

பிளஸ் டூ பரீட்சை முடிந்து விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் வீட்டுக்கு டெலிபோன் வருகிறது.

"உங்கள் பிள்ளைக்கு எங்கள் பல்கலைக் கழகத்தில் இடம் இருக்கிறது. இந்த வாரமே முன்பணம் கட்டுங்கள். சலுகை உண்டு!"

பெற்றோருக்குத் தலைகால் புரிவதில்லை. நகையை அடகு வைக்கலாமா, நிலத்தை விற்கலாமா என்று பேச்சு ஆரம்பமாகி விடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள்!

சென்னைப் பல்கலைக் கழகம் 1857-ம் ஆண்டில் தொடங்கியது. வெகு காலம் வரை சென்னைவாசிகளுக்கு "சர்வகலாசாலை" என்றால் அது ஒன்றுதான். இன்று போரூர், வண்டலூர், காட்டாங்கொளத்தூர், செம்மஞ்சேரி, படூர் என்று நகரைச் சுற்றித் தனியார் பல்கலைக் கழகங்கள் இருக்கின்றன. கட்டிடங்களைப் பார்த்தால் அரண்மனை தோற்று விடும். ஆனால் கட்டிடம் பட்டம் கொடுப்பதில்லை.

பட்டம் கொடுப்பது யார்?

யார் வேண்டுமானாலும் பட்டம் கொடுத்து விட முடியாது. 1956-ம் ஆண்டு பல்கலைக் கழக மானியக் குழு சட்டத்தில் அதற்கு வரம்பு இருக்கிறது. சென்னையில் உள்ள தனியார் பல்கலைக் கழகங்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தின் 3-வது பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற "நிகர்நிலை" பல்கலைக் கழகங்கள். சட்டசபையில் தனிச் சட்டம் நிறைவேற்றித் தொடங்கியவையும் உண்டு. மானியக் குழுவின் இணையதளத்தில் இரண்டு பட்டியலும் இருக்கின்றன. போலிப் பல்கலைக் கழகங்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. படிக்கத் தெரிந்த பிள்ளை ஐந்து நிமிஷத்தில் பார்த்து விடலாம்.

பல்கலைக் கழகம் உண்மையானதாக இருந்தால் மட்டும் போதாது. சேரப்போகும் படிப்புக்கும் அனுமதி வேண்டும். நான்கு நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள் அனுமதி இல்லாமல் தபால் வழியில் என்ஜினீயரிங் நடத்தின. 2001 முதல் 2005 வரை அதில் சேர்ந்தவர்களின் பட்டங்களை 2017 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது. வேலையில் இருந்தவர்கள் கூட மறுபடியும் பரீட்சை எழுத நேர்ந்தது! அந்த நான்கில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது.

இன்னொன்று. ஒரே பெயரில் பல இடங்களில் வளாகங்கள் இருக்கும். விளம்பரத்தில் வரும் படம் ஒரு வளாகம், பிள்ளைக்குக் கிடைக்கும் இடம் வேறு வளாகம் என்று ஆகிவிடக் கூடாது. எந்த வளாகம் என்பதை எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

கணக்கு

முதல் வருஷக் கட்டணத்தை மட்டும் பார்த்து மயங்குகிறவர்கள் அநேகம். வருஷத்துக்குக் கல்விக் கட்டணம் 3 லட்சம், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 1½ லட்சம் என்று வைத்துக் கொள்வோம். நான்கு வருஷத்தில் 18 லட்சம் ஆகிறது! சொத்து ஜாமீன் இல்லாமல் பாங்குகள் சாதாரணமாகக் கொடுக்கும் கல்விக் கடன் 7½ லட்சம் வரைதான். பிள்ளை படித்துக் கொண்டிருக்கும் போதே வட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.

நுழைவுத் தேர்வில் வாங்கும் இடத்தைப் பொறுத்துச் சில பல்கலைக் கழகங்களில் கட்டணம் மாறும். அதே வகுப்பு, அதே பெஞ்சு. ஒருவனுக்கு ஒரு தொகை, பக்கத்தில் இருப்பவனுக்கு அதைவிட அதிகம். ஆகவே "என் பிள்ளைக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்க வேண்டும்.

அரசாங்கக் கவுன்சிலிங்கையும் மறக்கக் கூடாது. அதில் என்ஜினீயரிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்குத்தான். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு எல்லாம் அந்த வழியில்தான் கிடைக்கும். தனியாரிடம் நேரே போய்ச் சேர்ந்தால் இவை இல்லை. இரண்டுக்கும் மனுப் போட்டு வைப்பதே புத்திசாலித்தனம்.

கட்டிய பணம் திரும்புமா?

இங்கேதான் பலர் மாட்டிக் கொள்கிறார்கள். தனியார் முன்பணம் கேட்பது கோடையில். கவுன்சிலிங் நடப்பதோ அதற்குப் பிறகு. அங்கே நல்ல இடம் கிடைத்தால் இங்கே கட்டிய பணம் என்ன ஆகும்?

மானியக் குழு இதற்கு விதி வைத்திருக்கிறது. 2024-25 கல்வி ஆண்டில், செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணத்தையும், அக்டோபர் 31-க்குள் விலகினால் ரூ.1,000-க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித் தர வேண்டும் என்று அறிவித்தது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக் கொள்ள வேண்டும். அசல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி தன்னிடம் வைத்துக் கொள்ளவும் கூடாது. சரிபார்த்து விட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "நன்கொடை" வாங்குவதை 1992-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் தடை செய்கிறது. "நான் இடம் வாங்கித் தருகிறேன்" என்று வரும் ஏஜெண்டிடம் கொடுக்கும் பணத்துக்கு ரசீது வராது. ரசீது இல்லாத பணத்தை எந்த விதியைக் காட்டிக் கேட்பது?

நேரில் போய்ப் பார்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போகாமல் வேலை நாளில் போகலாம். வரவேற்பு அறையில் காப்பி கொடுப்பார்கள். அதைக் குடித்து விட்டு வாசலில் பஸ்சுக்கு நிற்கும் மூன்றாம் வருஷ மாணவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். விளம்பரப் பலகையில் இருக்கும் பெரிய சம்பளம் யாரோ ஒரு மாணவனுக்குக் கிடைத்தது. அவன் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, விடுதிச் சாப்பாடு எப்படி என்பதெல்லாம் அந்த மாணவர்களுக்குத் தெரியும்.