கையும் மொழியும் ஒருங்கே பயிலட்டும்

எல்லைப்புறத்து மக்களுக்கு மொழி நாள்தோறும் கையாளும் கருவியாகும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆகவே பாறசாலையிலும் அதன் சுற்றூர்களிலும் வாழும் நம் குழந்தைகள் வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பள்ளியில் ஆங்கிலமும் பின்னர் இந்தியும் பயில்கின்றனர். இத்தனைக்கும் மேல் ஜெர்மன் மொழியையும் தொடக்கப்பள்ளியிலேயே பயிற்றலாமா?

இவ்வினா வீணான ஆசையால் எழுந்ததன்று. 2021 டிசம்பரில் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனமும் ஜெர்மனியின் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையும் செவிலியரை அந்நாட்டிற்கு அனுப்ப உடன்பாடு செய்துகொண்டன. அன்று முதல் ஜெர்மன் பயிலும் ஆர்வம் இப்பக்கத்தில் வளர்ந்துள்ளது. காலை வண்டியில் திருவனந்தபுரம் செல்லும் இளம்பெண்கள் மடியில் பாடநூலை விரித்து வினைச்சொற்களை முணுமுணுப்பதை, இருப்புப்பாதைப் பணியில் இருக்கும் நாம் பலகால் கண்டுள்ளோம். இருபத்தைந்து வயதில், குடும்பச் சுமையோடு, தேர்வுக்கு அஞ்சிப் பயிலும் மொழி கடினமாகவே தோன்றும்.

ஜெர்மானியர்க்கும் நம் நிலத்திற்கும் தொடர்பு புதிதன்று. பிரஷ்ய நாட்டில் பிறந்த ரிங்கல்தௌபே 1804இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, 1806இல் தென்திருவிதாங்கூரின் மயிலாடிக்கு வந்து பள்ளிகளைத் தோற்றுவித்தார். நம்மிடம் வரவேண்டி அவர் தமிழ் கற்றார்; இன்று அவர் நாட்டிற்குச் செல்லவேண்டி நம் மக்கள் ஜெர்மன் கற்கின்றனர்.

குழந்தைக்கு எம்மொழியையும் இலக்கண அட்டவணையால் தொடங்கலாகாது. கைவேலையால் தொடங்க வேண்டும். ஜெர்மனியில் 2006இல் தோன்றி, 2023 முதல் 'கிண்டர் ஃபோர்ஷன்', அதாவது 'குழந்தைகள் ஆராய்கிறார்கள்' என்ற பெயரால் வழங்கும் அறநிறுவனம், மழலையர் பள்ளி ஆசிரியர்க்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கும் செய்முறை அறிவியலில் பயிற்சி அளித்துவருகிறது. நீர், காற்று, ஒளி ஆகிய எளிய பொருள்களே அங்குப் பாடமாகின்றன.

அம்முறையை நம் வீட்டுப் பொருள்களைக் கொண்டே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி, புதிய கோழிமுட்டை ஒன்றை இடுக. முட்டை அமிழும். "டாஸ் ஐ ஸிங்க்ட்" என்று ஆசிரியர் கூறுகிறார். இனி உப்பைக் கரண்டி கரண்டியாகக் கரைத்துக்கொண்டே செல்க. நீரின் அடர்த்தி மிக, முட்டை மெல்ல எழுந்து மிதக்கும். "டாஸ் ஐ ஷ்விம்ட்" என்று குழந்தைகள் கூவுவர். கண்டது, செய்தது, சொன்னது மூன்றும் ஒரே கணத்தில் நிகழ்வதால் அச்சொல் எளிதில் மறவாது.

மேலும் ஒரு நன்மை உண்டு. மனிதன் நீந்துவதற்கும் முட்டை மிதப்பதற்கும் தமிழில் இரு வினைகள் உள்ளன, ஜெர்மனில் ஒன்றே. இதைக் கண்ட குழந்தை தன் தாய்மொழியின் நுட்பத்தையும் உணரும். இனி, 'ஏன்?' என்ற வினாவுக்கு விடை கூறும்போது ஜெர்மன் வாக்கியத்தில் வினை இறுதிக்குச் செல்கிறது: "வைல் டாஸ் வாஸர் ஸால்ட்ஸிக் இஸ்ட்". தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று நாம் கூறும்போதும் வினை இறுதியில்தானே நிற்கிறது! காரணம் கூறும் இவ்விடத்தில், ஆங்கிலத்தைவிடத் தமிழே ஜெர்மனுக்கு நெருங்கிய துணையாகிறது.

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். கேந்திரிய வித்யாலயப் பள்ளிகளில் 2011 உடன்பாட்டின்படி மூன்றாம் மொழியாகப் பயிற்றப்பட்ட ஜெர்மன், 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலேயே, அந்த இடத்திலிருந்து நீக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் செய்முறை அறிவியல் திட்டமும் 2002இல் அரசாணையால் முடிவுற்றது. ஆணையை மட்டுமே நம்பிய முயற்சி ஆணையோடு போகும். ஊரார் தாங்கும் முயற்சியே நிலைக்கும். 1962 முதல் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும், 1980 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அறிவியலை மக்கள் மொழியில் பரப்பிவருவதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஆதலின் நாம் வேண்டுவது புதிய பாடமும் தேர்வும் அல்ல. சனிக்கிழமை தோறும் ஒரு மணி நேரம் போதும். முதலில் குழந்தை தான் எதிர்பார்ப்பதைத் தமிழில் கூறட்டும். பிறகு சோதனை செய்யட்டும். கண்டதைத் தமிழில் எழுதட்டும். இறுதியில் நான்கைந்து ஜெர்மன் சொற்களைப் பழகட்டும். குவளை, உப்பு, காந்தம், மெழுகுவத்தி, காகிதம் ஆகியவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஜெர்மன் பயிலும் நம் அக்காமார் ஒருவர் வந்து சொற்களைத் திருத்தமாக ஒலித்துக் காட்டினால், அவருக்கும் அது நல்ல பயிற்சியாகும்.

தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத குழந்தைக்கு ஜெர்மன் அணிகலன் ஆகாது என்பதைப் பெற்றோர் மறத்தல் கூடாது. வேரற்ற மரத்தில் ஒட்டுக்கிளை தழைப்பதில்லை. பெண்மக்களை வெளிநாட்டிற்கு அனுப்புவதற்கென்றே இப்பயிற்சியைக் கருதுவதும் தவறு. போகிறவர் அச்சமின்றிப் போகவும், இருக்கிறவர் ஆராயும் கண்ணோடு இருக்கவும் அது உதவ வேண்டும். நம் சங்கத்து அன்பர்கள் இதனை எண்ணி, அடுத்த கோடை விடுமுறையில் ஒரு குவளை நீரோடும் ஒரு பிடி உப்போடும் தொடங்குவார்களாக.