கொடநாடும் திண்டுக்கல் பூட்டும்

திண்டுக்கல்காரன்னு சொன்னா, பிரியாணிக்கு அடுத்து எல்லாரும் கேட்கறது பூட்டுதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. போன வாரம் டீக்கடையில் ஒரு நண்பர், "நம்ம ஊர் மாங்காய்ப் பூட்டைப் போட்டிருந்தா கொடநாட்டுல திருட்டு நடந்திருக்குமா?"ன்னு கேட்டார். சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா கேள்வி என்னை விடலை.

கொடநாடு எஸ்டேட் நீலகிரியில், கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கு. சுமார் 900 ஏக்கர் தேயிலைத் தோட்டம். நடுவில் ஒரு பங்களா. கேட்டுகளுக்கு எண் போட்டுக் கூப்பிடும் அளவுக்குக் காவல். முதல்வராக இருந்தபோது ஜெயலலிதா வாரக்கணக்கில் இங்கே தங்கி, இங்கிருந்தே அரசு வேலைகளைப் பார்த்தார். சொத்துக் குவிப்பு வழக்கிலும் இந்த எஸ்டேட் பேசப்பட்டது.

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா இறந்தார். 2017 பிப்ரவரியில் சசிகலா பெங்களூரு சிறைக்குப் போனார். அடுத்த ஏப்ரல் 23 நள்ளிரவில் ஒரு கும்பல் உள்ளே நுழைந்தது. ஒரு காவலாளி கொல்லப்பட்டார், இன்னொருவருக்குக் காயம். சிசிடிவியும் கைகொடுக்கலை. முக்கியக் குற்றவாளி என்று போலீஸ் சொன்ன முன்னாள் ஓட்டுநர், சில நாட்களிலேயே ஆத்தூர் பக்கம் சாலை விபத்தில் இறந்தார். 2022-ல் வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது.

திருடு போனது சில கைக்கடிகாரங்களும் ஒரு கிரிஸ்டல் பொம்மையும் என்றது போலீஸ். ஆவணங்கள் போனதாக வெளியே பேச்சு. எது சரி?

எங்க தொழிலில் ஒரு சர்வருக்குள் எவனாவது புகுந்துட்டா முதலில் இரண்டு கேள்வி கேட்போம். உள்ளே என்ன இருந்தது? இப்போ என்ன இல்லை? முதல் கேள்விக்குப் பதில் இல்லேன்னா இரண்டாவதைக் கேட்டுப் பயனில்லை. கொடநாட்டுக்குள் என்ன இருந்ததுன்னு பொதுவில் ஒரு பட்டியல் கிடையாது. உரிமையாளரைக் காப்பாற்றிய அதே ரகசியம்தான் கடைசியில் திருடனையும் காப்பாற்றுது.

உக்ரைனில் இதுக்கு நேர்மாறா ஒண்ணு நடந்தது. 2014 பிப்ரவரியில் அதிபர் யானுகோவிச் தப்பி ஓடினார். கீவ் நகருக்கு வெளியே சுமார் 140 ஹெக்டேரில், உயரமான மதிலுக்குள் இருந்த அவருடைய மெஜிஹிர்யா மாளிகைக்குள் மக்கள் போனாங்க. நீர்த்தேக்கத்தில் வீசப்பட்ட கணக்குக் காகிதங்களைப் பத்திரிகையாளர்கள் முக்குளிப்பவர்களை வைத்து எடுத்து, உலர்த்தி, ஸ்கேன் பண்ணி, இணையத்தில் போட்டாங்க. எதுக்கு எவ்வளவு செலவானதுன்னு ஊருக்கே தெரிஞ்சது.

ஜெயலலிதா தேர்தலில் ஜெயித்து வந்தவர். இரண்டு ஆட்சிகளையும் நான் ஒப்பிடலை, மதில்களை மட்டும்தான் ஒப்பிடறேன். அங்கே மதில் திறந்தது, கணக்கு வெளியே வந்தது. இங்கே மதில் உடைந்தது, கணக்கு வரவேயில்லை.

நண்பருக்கு என் பதில் இதுதான்: பூட்டில் குறை இல்லை. எதைக் காக்கிறோம்னு தெரியாமலே ஒருத்தர் ராத்திரி முழுக்கக் காவல் நின்றார். எதுக்காகச் செத்தார்னு இன்னிக்கும் அவர் குடும்பத்துக்கு யாராலும் உறுதியாச் சொல்ல முடியலை.