எதை ஒட்டும்? எதை ஒட்டாது?

பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையில் "எல்லாம் ஒட்டும்" என்று சொல்லித் தரப்படும் சின்னஞ்சிறு பசைக் குழாய் கொட்டாஞ்சேனை வீட்டு லாச்சிகளுக்குப் புதிதல்ல. அதை வாங்கிவந்து வெடித்த வாளியில் பூசுவோம். மறுநாள் கழன்றுவிட்டால் கடைக்காரரை ஏசுவோம். உண்மையில் குற்றம் வாளியில் இருக்கின்றது.

சுப்பர் குளூ என்று நாம் அழைக்கும் இந்தப் பசையின் பெயர் சயனோஅக்ரிலேட். 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் கம்பனியில் ஹரி கூவர் என்பவர், துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. பட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை தந்ததால் அன்று ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் விற்பனைக்கு வந்தது. காற்றிலும் பொருளின் மேலும் உள்ள ஈரமே இதை இறுக வைக்கின்றது. கொழும்புக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்! சரியாக மூடாத குழாய் கல்லாகிவிடுவது அதனால்தான்.

தண்ணீர் படராமல் துளிதுளியாக உருளும் வழுவழுப்பான பரப்பில் பசைக்கும் பிடி கிடைப்பதில்லை. பொலித்தீன், பொலிபுரொப்பிலீன், டெப்லோன், சிலிக்கன் எல்லாம் இந்த ரகம். வாளியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 2, 4, 5 என்ற இலக்கங்களில் ஒன்று இருந்தால் காசை வீணாக்க வேண்டாம். இரு குழாய்களைக் கலந்து பூசும் எபொக்சிப் பசையும் அதில் நிற்காது.

பீங்கான், உலோகம், ரப்பர் ஆகியவற்றை இப்பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் இறுகியபின் வளையாது. ஆகவே நடக்கும்போது மடியும் செருப்பு அடியில் வெடித்துவிடும். அதற்கு ரப்பர் பசையே நல்லது. காது ஒட்டிய கோப்பையை அலுமாரியில் அழகுக்கு வைக்கலாம், கொதிக்கும் பிளேன்டி ஊற்றிக் கொடுக்கக் கூடாது. பிரஷர் குக்கர் கைப்பிடியை ஒட்டவே வேண்டாம், புதிதாகப் பூட்டுங்கள்.

சகோதரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பஞ்சும் பருத்தித் துணியும். இவற்றில் பசை கொட்டினால் சட்டென்று சூடேறிப் புகையும், தோல் வெந்துபோகும். சிந்தியதைப் பழந்துணியால் துடைக்கப் போகாதீர்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் ஊறவைத்து மெல்லப் பிரியுங்கள். நகப்பூச்சு அகற்றும் அசிற்றோனும் இளக்கும். தோலில் படிந்த படலம் நீரைத் தடுப்பதால் வுழூவுக்கு முன் அதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

கண்ணில் பட்டால் அசிற்றோனைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம். இமையைப் பிரிக்க முயலாமல், தண்ணீரால் கழுவிக்கொண்டு கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு விரையுங்கள். கண்மருந்துப் போத்தலும் சில பசைப் போத்தல்களும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், இரண்டையும் ஒரே லாச்சியில் வைக்காதீர்கள்.