தண்ணீரின் குணம் – 9: குடத்தில் ஓர் இரவு

கிணறுகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, மெல்பர்னில் இருக்கும் தங்கை மகன் கூப்பிட்டான். அவன் அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். சொந்தத் தேவைக்கு அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது.

"மாமா, எல்லாம் சுத்தமாத்தான் செஞ்சேன். ஆனா காயத்துக்குப் போட்ட கட்டு மாதிரி ஒரு மருந்து வாடை."

"என்ன தண்ணிடா ஊத்தின?"

"பைப்புத் தண்ணிதான்."

மலாக்காவில் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்ந்த அவன் பாட்டி இருந்திருந்தால் உடனே பிடித்திருப்பார். லயத்துக்குப் பைப்பு வந்த பிறகும் அம்மா அந்தத் தண்ணீரை நேராக உளுந்தில் ஊற்றியதில்லை. வாயகன்ற குடத்தில் பிடித்து, மெல்லிய துணி கட்டி, ராத்திரி முழுக்க வைத்திருப்பார். "மருந்துத் தண்ணில அரைச்சா மாவு பொங்காது" என்பது அவர் கணக்கு. மாவைப் பொறுத்தவரை அது கொஞ்சம் அதிகப்படியான கவலைதான். அந்தச் சிறிதளவு குளோரினை உளுந்தும் அரிசியுமே தீர்த்துவிடும்.

பீர் அப்படி மன்னிக்காது. மால்ட்டில் பீனால் என்ற பொருள்கள் உண்டு. குளோரின் அவற்றோடு சேர்ந்தால் குளோரோபீனால் உண்டாகிறது. நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஒரு முறை வந்துவிட்டால், எத்தனை வாரம் வைத்திருந்தாலும் போகாது.

குளோரின் திறந்த பாத்திரத்தில் தானாகவே பறந்துவிடும். ஆனால் சில ஊர்களில் அம்மோனியாவும் சேர்த்துக் குளோரமினாக்கி விடுகிறார்கள். அது குடத்தில் ஓரிரவு வைத்தாலும் அடங்காது. பீர் காய்ச்சுவோர் அதற்கு 'கேம்டன்' மாத்திரை போடுகிறார்கள். 20 லிட்டருக்குக் கால் மாத்திரையைப் பொடித்துக் கலக்கினால் சில நிமிடங்களில் இரண்டும் போய்விடும். அவனுக்கும் அதைத்தான் சொன்னேன்.

வாடை போனாலும் தண்ணீரின் குணம் முழுக்கத் தெரிந்துவிடாது. செக் நாட்டுப் பில்சனில் 1842-இல் பிறந்த வெளிர்நிற பீருக்கு, உப்புகள் மிகக் குறைந்த அந்த ஊர்த் தண்ணீர்தான் வாகாக இருந்தது. இங்கிலாந்தின் பர்ட்டனில் தண்ணீர் ஜிப்சத்தில் ஊறி வருவதால் கசப்பு எடுப்பாக நிற்கும். டப்ளினில் சுண்ணாம்பின் காரத்தன்மை அதிகம். வறுத்த கருமால்ட்டின் புளிப்பு அதைச் சரிக்கட்டியது. ஊறும் மால்ட்டின் பி.எச். 5.2-க்கும் 5.6-க்கும் நடுவில் இருந்தால்தான் மாச்சத்து ஒழுங்காகச் சர்க்கரையாகும் என்பதை ஆய்வுக்கூடம் பின்னால்தான் சொன்னது. அதற்கு முன்பே அந்தந்த ஊர்த் தண்ணீர் அந்தந்த ஊர் பீரைத் தீர்மானித்துவிட்டது.

நம் லேடாங் மலை கருங்கல் மலை. அதில் இறங்கும் நீரில் சுண்ணாம்பு குறைவு. சென்னையில் போர்த் தண்ணீர் காய்ச்சும் கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் தடித்துக் கிடக்கும். மலாக்காவில் எங்கள் வீட்டுக் கேத்தலில் அதைப் பார்த்த நினைவே இல்லை. மெல்பர்ன் தண்ணீரும் காட்டு மலைகளிலிருந்து வரும் மென்மையான தண்ணீர்தான். இது நல்லதுக்கே. குறைவதை ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். கூடுதலாய் இருப்பதைக் குறைப்பதுதான் பெரும்பாடு.

அப்படித் தண்ணீரில் கூடுதலாய் இருக்கும் இரும்பை எனக்குக் காட்டிக்கொடுத்தது 1991-ஆம் ஆண்டு வறட்சி. டுரியான் துங்கால் அணை வறண்டு, மாநிலமே தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற காலம். தோட்டத்தில் மூடிக்கிடந்த இரண்டு பழைய கிணறுகளைத் தூர்வாரினார்கள். இரண்டுமே பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தன. அம்மா இரண்டு கண்ணாடி கிளாஸில் தண்ணீர் எடுத்து, ஆறிப்போன கெட்டித் தேத்தண்ணியை ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி விட்டார். ஒன்று தேன் நிறத்தில் நின்றது. மற்றது எங்கள் கண்ணெதிரே சாம்பலாகி, மைபோலக் கறுத்தது. இரும்பும் தேயிலைத் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். அந்தத் தண்ணீரில் பீர் காய்ச்சினால் வாயில் ரத்தம் பட்டதுபோல் இருக்கும். துணி துவைத்தால் பழுப்பேறும்.

"இது செடிக்கு," என்று அந்த வாளியைத் தள்ளி வைத்தார் அம்மா. தேன் நிறத்தில் நின்றதைக் குடத்தில் ஊற்றித் துணி கட்டினார்.