டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லையா? சர்வீஸுக்கு அனுப்பும் முன் அளந்து எழுதுங்கள்

சம்பா நடவுக்குச் சேறு கலக்கும் நாட்களில் பாகூர், வில்லியனூர் பகுதிகளில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டால், வாடகைக்குக் காத்திருக்கும் அடுத்தடுத்த வயல்களின் வேலையும் தள்ளிப்போகும். அந்த அவசரத்தில் வண்டியைச் சர்வீஸ் சென்டருக்கு இழுத்துச் சென்று, கேட்ட பணத்தைக் கட்டிவிடுகிறோம். பில்லில் 'மின் பழுது, லேபர் சார்ஜ்' என்று ஒரே வரி இருக்கும். என்ன பழுது, எத்தனை மணி நேர வேலை என்பது தெரியாது.

வண்டியை அனுப்பும் முன் சில அளவுகளை எடுத்து நோட்டில் எழுதி வைத்தால் இந்த நிலை மாறும். அந்த எண்கள் பழுது இருக்கும் இடத்தைக் காட்டும். பில் மீது கேள்வி எழும்போது சான்றாகவும் உதவும். இதற்குத் தேவை, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதி கிராமங்களுக்குள் புகுந்தது. இப்படிச் சேற்று நீரில் நின்ற வண்டிகளில் ஒயர் இணைப்புகள் உள்ளுக்குள் பச்சை பூத்து, பல மாதங்கள் கழித்துக்கூடத் தொல்லை தரலாம். எலி கடித்த ஒயரும் அப்படித்தான். எனவே பேட்டரியை மாற்றும் முன் இணைப்புகளைப் பாருங்கள்.

எடுக்க வேண்டிய 4 அளவுகள்

மீட்டரை 20 வோல்ட் டி.சி. அளவில் வையுங்கள். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்க வேண்டும். பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது.

1. ஓய்வு நிலை: இன்ஜினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில் அளக்கவும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போட்ட பிறகே மற்றவற்றைச் சோதிக்க வேண்டும்.

2. செல்ஃப் அடிக்கும்போது: ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்து, 10 விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடிக்கவும். முழு சார்ஜ் உள்ள பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கிறது. வோல்ட் இறங்காமல், மோட்டாரும் சுற்றாமல் இருந்தால் மின்சாரம் மோட்டாருக்கே போகவில்லை. பியூஸ், சாலினாய்டுக்குப் போகும் மெல்லிய ஒயர், கிளட்ச் மற்றும் பி.டி.ஓ. பாதுகாப்பு சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்கவும்.

3. எர்த் சோதனை: மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மறு முனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கவும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் ஒயரிலோ டெர்மினலிலோ கோளாறு. ஒயரைக் கழற்றி, ஆப்பச் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவினாலே பல நேரம் சரியாகிவிடும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

4. சார்ஜிங்: இன்ஜின் சற்று வேகமாக ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். 12.6-ஐத் தாண்டவில்லை என்றால் பெல்ட், ஆல்டர்னேட்டரைப் பார்க்கவும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரி தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

சாலினாய்டு முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் கூடவே கூடாது. கியரில் இருந்தால் வண்டி பாய்ந்து, நிற்பவர் மீதே ஏறிவிடும்.

லேபர் சார்ஜ்: எதைக் கேட்பது?

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன பழுது, அவர் மீட்டர் அளவு, உத்தேசச் செலவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 'கூடுதல் வேலைக்கு முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டும்' என்றும் எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்குங்கள்.

பில்லில் உதிரிபாகம் தனியாக, கூலி தனியாக இருக்க வேண்டும். எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரே பாகத்தைக் கழற்றி மாட்டியதற்கு இரண்டு வேலைகளின் பெயரில் கூலி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் நோட்டில் எர்த் சோதனை 0.9 வோல்ட் என்று இருக்க, பில்லில் 'செல்ஃப் மோட்டார் பழுது' என்று இருந்தால், மோட்டாரில் என்ன குறை கண்டார்கள் என்று கேட்கலாம். அதே நேரம், ஒயரிங்கில் மறைந்திருக்கும் பழுதைத் தேட உண்மையிலேயே நேரம் ஆகும். அந்த உழைப்புக்குரிய கூலி நியாயமானதே.

தகராறு வந்தால் வண்டியை வலிந்து எடுத்து வர வேண்டாம். செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 170-ஆவது பிரிவு பழுது பார்ப்பவருக்கு இடம் தருகிறது. பருவம் தவறக்கூடாது என்றால், பில் நகலில் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பணம் கட்டி வண்டியை எடுங்கள். பின்னர் சர்வீஸ் மேலாளருக்கும் டிராக்டர் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் தரலாம்.

பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் மனு தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. விதை வழக்கொன்றில், விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. ஆனால், பல வண்டிகளை ஆள் வைத்து வாடகைக்கு விடுபவர்களை 'வணிக நோக்கம்' என்று எதிர்த்தரப்பு மறுக்கக்கூடும்.

சொந்தமாகப் பழுது பார்க்கும் உரிமைக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விவசாய இயந்திரங்களுக்கென்றே தனிச் சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் 2022-இல் மத்திய அரசு இதற்காக அமைத்த குழுவும் விவசாயக் கருவிகளை முக்கியத் துறைகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது.

உழவர் உதவியகக் கூட்டங்களில் விரிவாக்கப் பணியாளர்கள் இந்த 4 அளவுகளையும் ஒரு டிராக்டரில் செய்து காட்டினால், அரை மணி நேரத்தில் எல்லோரும் கற்றுக்கொள்ளலாம். வண்டி நன்றாக ஓடும்போதே ஒரு முறை அளந்து, தேதியுடன் எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பழுது வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.